சலக்கடுப்பும் சங்கத்தின் பிரச்சினைதான்

சம்பள உயர்வு, சேமலாப நிதிப் பாக்கி, காணி உறுதி, பிள்ளைகளுக்குப் பாடசாலை பஸ். எங்கள் கிளைகள் அனுப்பும் கோரிக்கைகளை எடுத்துப் பார்த்தால் திரும்பத் திரும்ப வருபவை இவைதான். எல்லாமே நியாயமானவை. ஆனால் அங்கத்தவர்களில் பாதிக்கு மேல் பெண்களாக இருக்கும் ஒரு சங்கத்தில், நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய பெண்கள் தங்களுக்குள் மட்டும் பேசிக்கொள்ளும் ஒரு வேதனை இன்னும் எந்தக் கோரிக்கையிலும் இடம்பெறவில்லை. சலம் போகும்போது எரிவு. போய்வந்து கால்மணி நேரத்தில் மறுபடியும் முட்டு. கீழே வறட்சி, கடி, நடக்கும்போது உரசல். கணவனோடு சேர்ந்தால் கத்தியால் கீறியது போன்ற வலி. தீட்டு நின்றபின் வந்த இந்தக் கரைச்சலை "வயது போனால் இப்படித்தான்" என்று சொல்லி அவர்கள் மூடிவைக்கிறார்கள்.

இதற்கு மருந்து இருக்கிறது. யோனியில் மிகச் சிறிய அளவில் பூசும் ஈஸ்ட்ரோஜன் கிறீம் அது. உலகில் பல பத்தாண்டுகளாகப் பாவனையில் இருப்பது. முறையறிந்து பயன்படுத்தினால் பெரும்பாலான பெண்களுக்குப் பாதுகாப்பானது. அது எங்கள் பெண்களின் கைக்கு வராமல் நான்கு தடைகள் நிற்கின்றன: கூச்சம், பயம், மொழி, ஒரு நாட்சம்பளம். மருந்தை எழுதிக் கொடுப்பது டொக்டரின் வேலை. இந்த நான்கு தடைகளையும் அகற்றுவது சங்கத்தின் வேலை என்பது என் கருத்து.

முதலில் வேலைத்தளத்தைப் பார்ப்போம். குடாநாட்டின் வாசலில் இருக்கும் பளை, இயக்கச்சி, முகமாலைப் பக்கத்துத் தென்னங்காணிகளில் பெண்கள் செய்யும் வேலை என்ன? தேங்காய் பொறுக்கிக் குவிப்பது, ஓலை இழுத்துச் சேர்ப்பது, பொச்சு ஏற்றுவது, புல்லுப் பிடுங்குவது, மணிக்கணக்காகக் குந்தியிருந்து கிடுகு பின்னுவது. பங்குனி, சித்திரை வெயிலில் வியர்வை ஊறிய உடுப்போடு எட்டு மணி நேரம். கதவும் தண்ணீரும் உள்ள மலசலகூடம் கூப்பிடு தூரத்தில் இருக்கும் காணிகள் குறைவு. ஆகவே பெண்கள் ஒரு தந்திரம் கண்டுபிடித்திருக்கிறார்கள்: தண்ணீர் குடிக்காமல் இருப்பது. குடித்தால் போகவேண்டும், போக இடமில்லை. குடிக்காவிட்டால் சலம் தடித்து எரிவு கூடும். மலையகத்தில் மலைச்சரிவில் நின்று கொழுந்து பறிக்கும் சகோதரிகளுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. அங்கே மேடு, இங்கே மணல். தந்திரம் ஒன்றுதான்.

இனி உடம்பைப் பார்ப்போம். 45 முதல் 55 வயதுக்குள் பெரும்பாலான பெண்களின் சூலகங்கள் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹோர்மோனைச் சுரப்பதை வெகுவாகக் குறைத்துவிடுகின்றன. பன்னிரண்டு மாதம் தொடர்ந்து தீட்டு வராவிட்டால் மாதவிடாய் நின்றுவிட்டது என்று கணக்கு. அந்த ஹோர்மோன் இருக்கும்வரை யோனியின் உட்சவ்வு தடிப்பாகவும் ஈரமாகவும் இருக்கும். அங்கே வாழும் நல்ல பக்றீரியாக்கள் ஒரு புளிப்புத்தன்மையை உண்டாக்கி, கெட்ட கிருமிகளை அண்டவிடாமல் காவல் காக்கும். ஹோர்மோன் குறைந்ததும் சவ்வு மெலிகிறது, ஈரம் வற்றுகிறது, புளிப்பு போகிறது, காவல் தளர்கிறது. சலவாயிலும் சலப்பையின் கழுத்தும் அதே ஹோர்மோனை நம்பி இருப்பவை. ஆகவே அவையும் பாதிக்கப்படுகின்றன. அடிக்கடி சலக்கிருமித் தொற்று வருவதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

மாதவிடாய் நின்ற பெண்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இந்த உபாதைகளில் ஏதோ ஒன்று இருக்கிறது. உடம்பு திடீரென்று கொதித்து வியர்க்கும் தொந்தரவு பலருக்குச் சில வருடங்களில் தானாகவே அடங்கிவிடும். வறட்சியும் சலக்கடுப்பும் அப்படி அடங்குபவை அல்ல. மருந்து செய்யாவிட்டால் காலம் போகப் போகக் கூடும். எங்கள் நாட்டில் பெண்ணின் சராசரி ஆயுள் எண்பதைத் தொட்டு நிற்கிறது. அப்படியென்றால் வாழ்நாளின் மூன்றில் ஒரு பங்கை இந்த எரிவோடு கழிப்பதா?

முதலாவது தடை கூச்சம். அதிலும் ஒரு குறிப்பிட்ட கூச்சத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். யோனியில் பூசும் மருந்து என்றதும் அது தாம்பத்திய உறவுக்கான மருந்து என்று எல்லோரும் முடிவுகட்டிவிடுகிறார்கள். வடக்கில் யுத்தத்தில் கணவனை இழந்த பெண்கள் எத்தனை பேர், கணவன் காணாமல் ஆக்கப்பட்டு இன்னும் தேடிக்கொண்டிருக்கும் பெண்கள் எத்தனை பேர் என்பதை இங்கே யாருக்கும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அவர்களில் பலர் இன்று ஐம்பதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களில் ஒருவர், எங்கள் அங்கத்தவர், ஓரிடத்தில் மருந்துக்குப் போய் வரிசையில் நின்றபோது, "ஹஸ்பண்ட் இல்லாத உங்களுக்கு இது எதுக்கு?" என்று எல்லோர் காதிலும் விழக் கேட்டிருக்கிறார்கள். அவர் திரும்பி வந்துவிட்டார். பிறகு போகவேயில்லை. அடுத்த ஆறு மாதத்தில் மூன்று தடவை சலக்கிருமிக்கு அன்ரிபயோட்டிக் குளிசை போட்டார்.

அந்தக் கேள்வி தவறானது என்பதை மருத்துவ உலகம் தான் வைத்த பெயரிலேயே ஒப்புக்கொண்டிருக்கிறது. முன்பு இந்த நோய்நிலையை யோனி மெலிவு என்று மட்டுமே சொல்லி வந்தார்கள். வல்லுநர்கள் கூடிப் பேசி, பிறப்புறுப்பையும் சலவழியையும் சேர்த்த ஒரு புதிய பெயரை 2014இல் வெளியிட்டார்கள். சலக்கடுப்பும் இதே நோயின் பகுதி என்பதை அந்தப் பெயர் சொல்கிறது. சலம் கழிப்பதற்குப் புருஷன் தேவையில்லை. எரிவில்லாமல் கழிக்கும் உரிமைக்கும் தேவையில்லை.

1993இல் வெளியான ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. மாதவிடாய் நின்ற, அடிக்கடி சலக்கிருமித் தொற்று வரும் 93 பெண்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு எஸ்ரியோல் என்ற மென்மையான ஈஸ்ட்ரோஜன் கலந்த கிறீம். மற்றக் குழுவுக்கு மருந்தில்லாத வெறும் கிறீம். எட்டு மாதம் கண்காணித்தார்கள். வெறும் கிறீம் பூசியவர்களுக்கு ஆண்டொன்றுக்குச் சராசரி 5.9 தடவை என்ற கணக்கில் தொற்று வந்தது. மருந்துக் கிறீம் பூசியவர்களுக்கு 0.5 தடவை. எங்கள் கணக்கில் இதைச் சொன்னால், சலக்கடுப்பால் வேலைக்குப் போகமுடியாமல் இழக்கும் நாட்சம்பளத்தில் பெரும்பகுதி மிச்சம்.

கணவனோடு வாழும் பெண்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். வலிக்குப் பயந்து விலகிப் படுக்கும் மனைவியை, மனம் மாறிவிட்டாள் என்று சந்தேகிக்கும் கணவன்மார் உண்டு. அதனால் வரும் சண்டையை லயத்தில் நாலு வீடு கேட்கிறது. காரணம் மெலிந்துபோன ஒரு சவ்வு என்பது இருவருக்கும் தெரியாது. வலியைப் பொறுத்துக்கொண்டு சம்மதிக்கவேண்டிய கடமை எந்தப் பெண்ணுக்கும் இல்லை. மருந்து இருக்கும்போது இருவரும் பிரிந்து கிடக்கவேண்டிய தேவையும் இல்லை.

இரண்டாவது தடை பயம். "ஹோர்மோன் பூசினால் கான்சர் வருமாம்" என்பது பரவலான பேச்சு. அந்தப் பேச்சுக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவில் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்து நடந்த ஒரு பெரிய ஆய்வு 2002 யூலையில் இடைநிறுத்தப்பட்டது. ஈஸ்ட்ரோஜனையும் இன்னொரு ஹோர்மோனையும் சேர்த்துக் குளிசையாக விழுங்கிய பெண்களில் மார்பகப் புற்றுநோய் சற்றுக் கூடியிருந்தது. பத்தாயிரம் பேருக்கு ஆண்டொன்றுக்கு எட்டுப் பேர் அதிகம். அந்தச் செய்தி உலகம் முழுவதும் ஓடியது. அதன்பின் அமெரிக்காவில் ஈஸ்ட்ரோஜன் உள்ள எல்லா மருந்துகளிலும், யோனியில் பூசும் சிறிய அளவு மருந்திலும்கூட, ஒரே கறுப்புப் பெட்டி எச்சரிக்கையை அச்சிட வைத்தார்கள்.

ஆனால் விழுங்கும் குளிசை உடம்பு முழுவதும் ஓடுகிறது. யோனியில் குறைந்த அளவில் பூசும் மருந்து பெரும்பாலும் பூசிய இடத்திலேயே வேலை செய்கிறது. இரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன், மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு இயல்பாக உள்ள அளவைத் தாண்டுவது அரிது. 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு நாற்பத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. யோனி ஈஸ்ட்ரோஜன் பாவித்தவர்களுக்கு மார்பகப் புற்றுநோயோ, கருப்பைப் புற்றுநோயோ, மாரடைப்போ கூடவில்லை. பிரித்தானியாவில் 2022 செப்ரெம்பர் முதல், யோனியில் வைக்கும் 10 மைக்ரோகிராம் மாத்திரை ஒன்றை ஐம்பது வயதைத் தாண்டிய பெண்கள், தீட்டு நின்று ஓராண்டு ஆகியிருந்தால், டொக்டரின் துண்டு இல்லாமலே பாமசியில் மருந்தாளரிடம் கேட்டு வாங்கலாம். 2025 நவம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அந்தப் பழைய கறுப்புப் பெட்டி எச்சரிக்கையை நீக்குவதாக அறிவித்தது. இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பயந்து மருந்தைத் தொடாமலிருந்த பெண்களுக்கு அந்த ஆண்டுகளை யாரும் திருப்பிக் கொடுக்கப் போவதில்லை.

அதற்காக எந்தக் கிறீமையும் எவ்வளவும் அள்ளிப் பூசலாம் என்று அர்த்தமில்லை. எல்லாக் கிறீமும் ஒன்றல்ல. ஒரு கிராமில் 100 மைக்ரோகிராம் எஸ்ரடியோல் உள்ள கடுமையான கிறீம்களைக் கூடிய அளவில் பூசினால், மருந்து இரத்தத்தில் கலக்கிறது. ஆகவே அவற்றை ஒரு தடவை, அதிகபட்சம் நான்கு வாரம் மட்டுமே பாவிக்கவேண்டும் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2020இல் கட்டுப்பாடு கொண்டுவந்தது. எஸ்ரியோல் கிறீம் வேறு, அதன் அளவு வேறு. இன்னொரு வகைக்கு இன்னோர் அளவு. ஒருவருடைய குழாயை மற்றவர் வாங்கிப் பூசுவதும், ஒரு மருந்தின் அளவுகுழலால் இன்னொரு மருந்தை அளப்பதும் ஆபத்து என்பது இதனால்தான்.

ஆகவே இந்த மருந்தைத் தேடிப் போகும் சகோதரிகள் மனதில் வைத்திருக்கவேண்டியவை:

1. முதலில் பரிசோதனை. சலத்தையும் இரத்தத்தில் சீனியையும் பார்க்கவேண்டும். நீரிழிவாலும் இதே கடியும் எரிவும் வரும். கிருமி இருந்தால் அதற்குரிய மருந்து வேண்டும். கிறீம் அதைக் குணமாக்காது, மறுபடி வராமல் தடுக்கவே உதவும்.

2. தீட்டு நின்று ஓராண்டு கழிந்தபின் ஒரு துளி இரத்தம் கண்டாலும் கிறீமைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், நேரே டொக்டரிடம் போகவேண்டும். மருந்து பூசிக்கொண்டிருக்கும்போது இரத்தம் கண்டாலும் அப்படியே.

3. மார்பகப் புற்றுநோயோ கருப்பைப் புற்றுநோயோ வந்தவர்கள், கால் நரம்பிலோ நெஞ்சிலோ இரத்தக்கட்டி வந்தவர்கள், ஈரல் நோய் உள்ளவர்கள் அதை மறைக்காமல் சொல்லவேண்டும். புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்கள் தங்களுடைய புற்றுநோய் வைத்தியரைக் கேட்காமல் தொடங்கக்கூடாது.

4. மருந்தின் பெயர், அதன் செறிவு, ஒரு தடவைக்கு எவ்வளவு, வாரத்துக்கு எத்தனை நாள் என்ற நாலையும் தமிழில் எழுதித் தரும்படி கேளுங்கள். குறைந்த அளவு மருந்துகளுக்குப் பொதுவான முறை, முதல் இரண்டு வாரம் ஒவ்வோர் இரவும், பிறகு வாரத்தில் இரண்டு இரவு. உங்களுக்குச் சொன்னது வேறாக இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

5. இரவு படுக்கப்போகும் நேரம் பூசுவது நல்லது. கையைக் கழுவி, அளவுகுழலில் சொன்ன கோடுவரை மட்டும் நிரப்பி, மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, மெல்ல உள்ளே செலுத்தி அழுத்தவேண்டும். குழல் நோகிறதென்றால் விரல் நுனியில் எடுத்துப் பூசலாமா என்று டொக்டரிடம் கேளுங்கள். பிறகு குழலைச் சவர்க்காரமும் இளஞ்சூட்டுத் தண்ணீரும் விட்டுக் கழுவி உலரவிடவேண்டும். கொதிநீரில் போடவேண்டாம். குழாயைப் பிள்ளைகள் எடுக்காத இடத்தில் வையுங்கள்.

6. இது வழுவழுப்புக்குப் பூசும் எண்ணெய் அல்ல. உறவுக்கு முன் பூசக்கூடாது. பூசினால் கணவனின் உடம்பிலும் மருந்து படும். சில கிறீம்கள் ஆணுறையைப் பலவீனப்படுத்தும்.

7. இன்று பூசி நாளை சுகம் வராது. இரண்டு மூன்று வாரத்தில் ஆறுதல் தெரியத் தொடங்கும். முழுப் பலனுக்கு மூன்று மாதம்வரை எடுக்கலாம். தொடக்கத்தில் லேசான எரிவு இருக்கலாம். சுகம் கண்டதும் நிறுத்தினால் பழைய கரைச்சல் திரும்பி வரும். எவ்வளவு காலம் என்பதை ஆண்டுக்கு ஒருமுறையாவது டொக்டரோடு பேசித் தீர்மானிக்கவேண்டும்.

கடியென்று சொன்னதும் சில கடைகளில் தூக்கிக் கொடுப்பது ஸ்ரீரொயிட் கலந்த தோல் கிறீமை. அது முதல் நாள் இதமாக இருக்கும். ஆனால் தொடர்ந்து பூசினால், ஏற்கெனவே மெலிந்த தோலை இன்னும் மெலியச் செய்யும். டெற்றோல் விட்டுக் கழுவுவதும், உள்ளே சவர்க்காரம் போடுவதும் மிஞ்சியிருக்கும் காவலையும் கலைக்கும். தேங்காயெண்ணெய் பூசலாமா என்று தென்னங்காணியில் வேலை செய்பவர்கள் கேட்பது இயல்பு. வெளித்தோலின் வறட்சிக்கு அது இதம் தரலாம். உள்ளே மெலிந்த சவ்வை அது திரும்ப வளர்க்காது. ஆணுறையையும் கெடுக்கும்.

மூன்றாவது தடை மொழி. இந்தக் கிறீம் வாங்கிய அக்கா ஒருவர் பெட்டிக்குள் மடித்திருந்த தாளை என்னிடம் கொண்டுவந்து, "இதில என்ன கிடக்குதெண்டு வாசிச்சுச் சொல்லுங்கோ ரீச்சர்" என்றார். எறும்பு எழுத்தில் முழுவதும் ஆங்கிலம். அவர் ஒன்பதாம் வகுப்புவரை படித்தவர், தமிழ்ப் பத்திரிகையை வரிவிடாமல் வாசிப்பவர். அதே தாள் தமிழில் இருந்திருந்தால் தன் உடம்பின் இரகசியத்தைத் தூக்கிக்கொண்டு, தன் பிள்ளைக்குப் படிப்பித்தவளிடம் வந்திருக்கத் தேவையில்லை.

இது யாழ்ப்பாணத்தில் நடக்கிறது என்பதுதான் வேடிக்கை. 1847இல் இந்த மண்ணுக்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மாணவர்களுக்குத் தமிழிலேயே மேல்நாட்டு மருத்துவம் கற்பித்தார். பிரசவ வைத்தியம் உட்படப் பல மருத்துவ நூல்கள் அவருடைய முயற்சியால் தமிழில் அச்சேறின. 1898இல் இணுவிலில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் என்றே மக்லியொட் வைத்தியசாலை திறக்கப்பட்டது. பெண்ணின் உடம்பைத் தமிழில் எழுத அன்றே ஆள் இருந்தது, சொல் இருந்தது, அச்சகம் இருந்தது. இன்று தமிழ் இந்நாட்டின் அரசகரும மொழிகளில் ஒன்று. ஒரு கிறீம் பெட்டிக்குள் ஒரு பக்கத் தமிழ்த் தாளை வைக்க முடியாதென்றால், குறை மொழியில் இல்லை.

நாலாவது தடை நாட்சம்பளம். மருந்தும் ஆலோசனையும் இலவசமாகக் கிடைக்கும் வாசல் ஒன்று ஏற்கெனவே திறந்திருக்கிறது. 1996 முதல் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் 35 வயதைத் தாண்டிய பெண்களுக்கென்று சுகவனிதையர் கிளினிக்குகளை நடத்துகின்றன. இரத்த அழுத்தம், சீனி, மார்பகம், கருப்பைக் கழுத்து எல்லாவற்றையும் அங்கே பார்க்கிறார்கள். தீட்டு நிற்கும் காலத்துத் தொந்தரவுகளையும் அங்கே தயங்காமல் சொல்லலாம். தேவையென்றால் ஆதார வைத்தியசாலையிலோ போதனா வைத்தியசாலையிலோ உள்ள பெண்நோயியல் நிபுணரிடம் அனுப்புவார்கள். குடும்பநல உத்தியோகத்தரைக் கேட்டால் கிளினிக் எந்த நாள் என்று சொல்வார்.

சிக்கல் அந்த "எந்த நாள்" என்பதில்தான். கிளினிக் வேலை நாளில், வேலை நேரத்தில் நடக்கிறது. போனால் அன்றைய பேர் விழாது, சம்பளமில்லை. பஸ்ஸுக்கும் காசு. எரிவைப் பொறுத்தால் சம்பளம், எரிவைச் சொன்னால் சம்பளமில்லை என்ற நிலையில் எந்தத் தாயும் பிள்ளையின் சோற்றைத்தான் தேர்ந்தெடுப்பாள்.

தொழிற்சட்டம் இந்தப் பெண்ணை எப்படிப் பார்க்கிறது? மகப்பேற்று நன்மைகள் கட்டளைச்சட்டம் 1939இல் வந்தது. அதற்காகப் போராடியவர்களுக்கு நன்றி. ஆனால் அந்தச் சட்டத்தின் கண்ணில் தொழிலாளிப் பெண் பிள்ளை பெறும்வரைதான் பெண். அதன்பின் அவள் உடம்பில் நடப்பது எதுவும் கணக்கில் இல்லை. ஊழியர் சேமலாப நிதியை ஐம்பது வயதில் எடுத்துக்கொண்டு ஓய்வெடுக்கலாம் என்று இன்னொரு சட்டம் சொல்கிறது. ஐம்பதில் ஓய்வெடுத்த தென்னங்காணித் தொழிலாளிப் பெண்ணை நான் இன்னும் காணவில்லை. சேமலாப நிதி கடனுக்குப் போகும், அவர் அடுத்த நாளும் ஓலை இழுக்க வருவார். சட்டம் ஓய்வு கொடுத்த அந்த வயதில்தான் இந்த உபாதை தொடங்குகிறது.

தோழர்கள் சிலர், "சங்கம் சம்பளத்தைப் பேசட்டும், இதையெல்லாம் ஆஸ்பத்திரி பார்க்கட்டும்" என்று சொல்வார்கள். தோட்டங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமான நாட்சம்பளம் 1984இல்தான் கிடைத்தது. ஒரே வேலைக்குப் பெண்ணுக்குக் குறைந்த கூலி என்பதை அதுவரை எத்தனை தலைமுறை இயல்பென்று எடுத்துக்கொண்டிருந்தது என்று எண்ணிப் பாருங்கள். இன்று இயல்பாகத் தோன்றுகின்ற ஒன்றை நாளைக்கு அநியாயம் என்று உணர்வதுதான் சங்கத்தின் வரலாறு. மலசலகூடம் இல்லாத வேலைத்தளமும், கிளினிக் போனால் வெட்டப்படும் நாட்பேரும் சம்பளப் பிரச்சினைகள் இல்லையென்றால் வேறு எவை?

இன்னொரு பக்கத்தில் மூத்த அக்காமாரே சொல்வார்கள்: "எங்கட அம்மா, அம்மம்மா எல்லாரும் மருந்தில்லாமல்தானே இருந்தவை." இருந்தார்கள். நாற்பதைத் தாண்டினால் ஊசியில் நூல் கோக்கக் கண் தெரியாமல் போவதும் இயற்கைதான். அதற்காக யாரும் கண்ணாடி போடாமல் இருப்பதில்லை. கண்ணாடி போட்டவரைப் பார்த்து யாரும் சிரிப்பதுமில்லை. அம்மம்மா பொறுத்தது அவருடைய பலம். எங்களைப் பொறுக்கச் சொல்வதற்கு அது காரணமாகாது.

எல்லாப் பெண்ணுக்கும் இந்தக் கிறீம் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உபாதை இல்லாதவர்களுக்கு எதுவும் தேவையில்லை. லேசான வறட்சி உள்ளவர்களுக்கு ஹோர்மோன் இல்லாத ஈரப்பூச்சு போதுமாக இருக்கலாம். தெரிந்துகொண்டு வேண்டாம் என்று சொல்வது ஒரு பெண்ணின் முடிவு. தெரியாமலே இல்லாமல் இருப்பது முடிவு அல்ல.

ஆகவே பின்வருவனவற்றைச் சங்கம் எழுத்தில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கிறேன்.

ஒன்று, நாற்பது வயதைத் தாண்டிய ஒவ்வொரு பெண் தொழிலாளிக்கும் ஆண்டில் இரண்டு தடவை, சம்பளம் வெட்டாமல் கிளினிக் நேரம். அடுத்த பேச்சுவார்த்தையில் இதை ஒரு வாசகமாகச் சேர்க்கவேண்டும்.

இரண்டு, வேலை நடக்கும் இடத்திலிருந்து ஐந்து நிமிட நடைக்குள் கதவு, பூட்டு, தண்ணீர் உள்ள மலசலகூடமும் குடிதண்ணீரும். இது எல்லா வயதுப் பெண்களுக்கும், ஆண்களுக்கும் உரியது.

மூன்று, குறைந்த அளவு யோனி ஈஸ்ட்ரோஜன் மருந்தை அரச வைத்தியசாலைகளில் தட்டுப்பாடில்லாமல் வைத்திருக்கும்படி சுகாதார அமைச்சுக்குக் கடிதம். வெளியே வாங்கவேண்டி வந்தால், விலைகூடிய கம்பனிப் பெயரில் எழுதாமல் மருந்தின் பொதுப்பெயரில் எழுதித் தரும்படி கேட்க எங்கள் அங்கத்தவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். பொதுப்பெயரில் மருந்து என்பதற்காக உழைத்த பேராசிரியர் சேனக பிபிலே பிறந்த நாடு இது.

நான்கு, ஒரு பக்கத் தமிழ்த் தாள். பெரிய எழுத்து, படத்தோடு. எழுதுவதற்கு ஆசிரியர்கள் நாங்கள் இருக்கிறோம். ஒரு பெண்நோயியல் வைத்தியர் சரிபார்த்துத் தந்தால் போதும்.

ஐந்து, ஒவ்வொரு கிளையிலும் இரண்டு பெண்கள். கேட்டதை வெளியே சொல்லாத, கிளினிக்குக்குத் துணையாகப் போகக்கூடிய இரண்டு பேர். கணவன் இருக்கிறாரா என்று கேட்காத இரண்டு பேர்.

அடுத்த கிளைக் கூட்டத்தில் இதை ஒரு பிரேரணையாக முன்வைக்கப்போகிறேன். முன்மொழிய மாதர் அணியில் ஆள் இருக்கிறது. வழிமொழிவதற்கு ஓர் ஆண் தோழர் எழுந்து நிற்பாரானால், அன்று பாதி வேலை முடிந்தது என்று எடுத்துக்கொள்ளலாம்.